5 மார்க் குறைவதால் கப்பல் ஏற முடியாத காசிமேட்டு வாலிபர்கள்!

சென்னை,

கடலைப் பற்றிக் காசிமேட்டுப் பையனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாடைக் காற்று எப்போது திரும்பும், எந்த நீரோட்டத்தில் வலை சுருட்டிக்கொள்ளும், அலை எந்தப் பக்கம் எழும்பினால் படகை எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும்... எல்லாம் சின்ன வயதிலேயே அத்துப்படி. நடுராத்திரியில் கரை விளக்கைப் பார்த்தே 'ராயபுரம் வந்தாச்சு' என்று சொல்லிவிடுவான்.

அப்படிப்பட்டவன், தினமும் கண்ணெதிரே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலில் வேலைக்கு ஏற முடியவில்லை. குறுக்கே நிற்பது இங்கிலீஷில் ஐந்து மார்க்!

விஷயம் இதுதான். சரக்குக் கப்பலில் மாலுமியாகச் சேர 'ஜி.பி. ரேட்டிங்' என்று ஆறு மாதப் பயிற்சி இருக்கிறது. மேல்தளத்தில் கயிறு இழுப்பது முதல் இன்ஜின் அறையில் எண்ணெய் போடுவது வரை இதில் கற்றுத் தருவார்கள். பதினேழரை வயதிலிருந்து 25 வயது வரை சேரலாம். பத்தாம் வகுப்புப் படிப்பே போதும். ஆனால் மத்திய அரசின் கப்பல் துறை விதிப்படி மொத்தத்தில் 40 சதவீதம் வேண்டும். அதோடு இங்கிலீஷில் தனியாக 40 வேண்டும். பத்தாவதில் எடுத்திருந்தாலும் சரி, பிளஸ்-2வில் எடுத்திருந்தாலும் சரி.

நம் ஊர் எஸ்.எஸ்.எல்.சி.யில் பாஸ் மார்க் 35!

36 வாங்கிய பையன் பாஸ். வீட்டில் லட்டு கொடுக்கிறார்கள். தெருவுக்கே தெரிகிறது. அதே மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு கப்பல் பயிற்சிக்குப் போனால் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ராயபுரத்தில் பாஸ், கப்பலில் பெயில். (பயிற்சிக்கு ஆகிற பணம் தனிக் கதை. அதைப் பேசுகிற இடத்துக்கே இவன் போய்ச் சேரவில்லை.)

"இங்கிலீஷ் தெரியலைன்னா கடல் நம்மளைக் கீழே தள்ளிடுமா?" என்று கேட்கிற பெருசுகள் உண்டு. கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் கப்பல் என்பது விசைப்படகு இல்லை. கேப்டன் ஒரு நாடு, சமையல்காரர் ஒரு நாடு, இன்ஜின் ஆள் இன்னொரு நாடு. இன்ஜின் அறையில் தீப்பிடித்தால் உத்தரவு இங்கிலீஷில்தான் வரும். அதற்கென்றே ஐ.நா.வின் கடல்சார் அமைப்பு 2001-ல் கப்பலில் பேச வேண்டிய இங்கிலீஷ் வாசகங்களைத் தொகுத்து ஏற்றுக்கொண்டது. சொன்னது இடது, புரிந்துகொண்டது வலது என்றால் ஆள் போய்விடுவான். எனவே 40-ஐ 35 ஆக்கு என்று கேட்பது நம் பிள்ளைக்கே ஆபத்து. 40 வாங்க வைப்பதுதான் வேலை.

தாத்தா காலம் வேறு

தாத்தா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. மூட்டையைத் தூக்க எந்தப் பாஷையும் வேண்டாம். தோள் போதும். துறைமுகம் ஆயிரக்கணக்கான கைகளுக்குச் சோறு போட்டது. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. நூறு பேர் நாள் முழுக்க இறக்கிய சரக்கை கிரேன் ஒரு தூக்கில் இறக்கியது. தோளுக்கு இருந்த வேலை போய், தாளுக்கு வேலை வந்தது. பெட்டி நம்பர், சீல் நம்பர், கேட் பாஸ் எல்லாமே இங்கிலீஷ். கம்ப்யூட்டர் வந்த பிறகு சொல்லவே வேண்டாம்.

துறைமுக மதில் சுவரை ஒட்டியே குடியிருப்பவன், அதற்குள் நடக்கிற வேலைக்கு வெளியூர்க்காரன் ஆகிப்போனான். இன்னொரு வேடிக்கை. கப்பல் படிப்புக்கென்றே மத்திய அரசு 2008-ல் பல்கலைக்கழகம் தொடங்கியது. தலைமையிடம் சென்னையில்தான். எங்கே? கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி! துறைமுகம் இருப்பது வடக்கே, படிப்பு இருப்பது தெற்கே.

35-லேயே நிற்பது ஏன்?

இங்கிலீஷ் வாத்தியாரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. எட்டாவது வரை எல்லோரையும் தேர்ச்சி என்று மேலே அனுப்புகிறோம். பெயில் போட்டுப் பிள்ளையை வெளியே தள்ளக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகிற பையன் அப்படியே ஒன்பதாவது பெஞ்சில் வந்து உட்காருகிறான். அங்கே முதல் இடி. பிறகு நான்கு கேள்வியை மனப்பாடம் செய்து, ஒரு பாட்டை ஒப்பித்து, ரோடு மேப்பில் வழி எழுதி 35-ஐத் தொடுகிறான். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசியிருக்க மாட்டான்.

இங்கிலீஷ் மட்டும் இல்லை, தமிழே தகராறு. ரயில்வே குரூப்-டி பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைகளில் தமிழ்த் தகுதித் தாளைக் கட்டாயம் ஆக்கி 2021-ல் அரசு ஆணை போட்டது. அதில் 40 சதவீதம் இல்லையென்றால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். தண்டையார்பேட்டைப் பையனுக்குத் தமிழ் தாய்மொழிதான். ஆனால் வாயில் இருக்கிற தமிழும் கேள்வித்தாளில் இருக்கிற தமிழும் ஒன்றா? கேள்வியை இரண்டு தடவை படித்துப் புரிந்துகொள்வதற்குள் மணி அடித்துவிடும்.

இதில் 14 வயது என்பது பொல்லாத வயது. கட்டாயக் கல்விச் சட்டம் 14-ல் கையை விட்டுவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் வந்த திருத்தப்படி, 14 தாண்டினால் ஆபத்தில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்பதாவதில் பாடம் புரியாமல் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு வெளியே ஐஸ் உடைக்கிற வேலை, மெக்கானிக் ஷெட், லாரி கிளீனர் என்று கூப்பிட ஆள் ரெடி. சாயங்காலம் கையில் காசு. அந்தக் காசைத் தேடி வருகிற 'அண்ணன்'களும் ரெடி. அப்புறம் அவன் பெயர் ஸ்டேஷன் ரிஜிஸ்தரில் ஏறினால், 'வடசென்னையா, அப்படித்தான்' என்று ஊர் சொல்லும்!

கப்பல் ஆசையை வைத்தே பிழைக்கிற கூட்டமும் இருக்கிறது. 'மார்க் வேண்டாம், நேரடி வேலை' என்று சொல்லி லட்சக்கணக்கில் கறந்துவிட்டு மறைந்துவிடுவார்கள். கையெழுத்து வாங்குகிற அக்ரிமென்ட் முழுக்க இங்கிலீஷ். ஏஜென்டுக்கு கப்பல் துறை லைசென்ஸ் உண்டா, நம்பர் என்ன என்று கேட்கத் தெரிந்தவன் தப்பிப்பான். படிக்கத் தெரியாதவன் அம்மாவின் தாலிச் சங்கிலியை அடகு வைப்பான்.

61 நாள் சும்மா கிடக்கிறதே!

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022 செப்டம்பரில் வந்த காலை உணவுத் திட்டம் சென்னையில் முதலில் கை வைத்தது வடசென்னைப் பள்ளிகளில்தான். கல்லூரிக்குப் போகிற அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் அதே மாதம் 5-ந் தேதி தொடங்கியது, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில். பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024-ல் வந்தது. எல்லாம் சரி. ஆனால் ஆயிரம் ரூபாய் வாங்க அவன் கல்லூரி வாசல் வரை வர வேண்டுமே! ஆறு முதல் ஒன்பது வரை படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக 2025-ல் வந்த 'திறன்' பயிற்சிதான் நோய் இருக்கிற இடத்தில் மருந்து வைக்கப் பார்த்தது. அது பள்ளி மணி நேரத்துக்குள், பாடத்தோடு பாடமாக நடப்பது. ஆறேழு வருஷத்துப் பாக்கியை அதற்குள் அடைத்துவிட முடியுமா?

மீனவர் பகுதியில் இதற்கென்றே ஒரு காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில். ஏலம் மந்தம், ஐஸ் வேலை மந்தம். பையனைக் கூப்பிட ஆள் இல்லை. பள்ளிக்கூடமும் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. ஒன்பது முடித்துப் பத்துக்குப் போகிற பையன் துறைமுகச் சுவர் ஓரம் கேரம் போர்டு ஆடிக்கொண்டிருக்கிறான்.

அந்த நாட்களில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மாநகராட்சிப் பள்ளிகளைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால் என்ன? ஒரு மணி நேரம் தமிழ் வாசிப்பு, ஒரு மணி நேரம் இங்கிலீஷ் பேச்சு. பாடப் புத்தகம்கூட வேண்டாம். கப்பல் உத்தரவு, பேங்க் சலான், வேலை விண்ணப்பம், ஏஜென்ட் அக்ரிமென்ட் இவையே பாடம்.

வாத்தியாருக்கு லீவாச்சே என்பார்கள். இருக்கட்டும். ராயபுரத்தில் தெருவுக்கு ஒரு ரிட்டயர்டு துறைமுக குமாஸ்தா இருக்கிறார். கப்பலில் உலகம் சுற்றிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாலுமிகளும் இருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தபோது தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தெருத்தெருவாக வகுப்பு நடத்திய மாநிலம்தானே இது? கையில் இருக்கிற பழைய வழிதான். மீன்வளத் துறையும் மாநகராட்சிக் கல்வித் துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு உத்தரவு போட்டால் முடிகிற காரியம்.

தடைக்காலத் தேதி ஆண்டுதோறும் முன்கூட்டியே தெரிந்த தேதி. பள்ளிச் சாவி மாநகராட்சியிடம் இருக்கிறது. அடுத்த ஏப்ரல் 15-ந் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு எந்தெந்தப் பள்ளியின் கேட் திறந்திருக்கும் என்பதை அதிகாரிகள் இப்போதே அறிவிப்பார்களா?