போர் நூல்களும் நம் இல்லத்து அலமாரியும்

குன்றத்தூர்ப் பகுதியிலிருந்து ஒரு தாய் நமக்கு மடல் எழுதியுள்ளார். அவருடைய மூத்த மகன் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறாராம். குடி இல்லை, சூது இல்லை. ஞாயிறு திருப்பலியையும் தவறவிடுவதில்லை. ஆயினும் சம்பளம் கைக்கு வந்த வாரமே போர் வரலாற்று நூல்கள் அடங்கிய பொட்டலம் ஒன்று வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. அலமாரி நிறைந்து, இப்போது கட்டிலுக்கடியிலும் அடுக்கத் தொடங்கிவிட்டார். வாங்கியவற்றில் பாதியைக்கூடப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எந்நேரமும் பீரங்கியும் படையுமாகப் படித்தால் பிள்ளையின் மனம் என்ன ஆகும் என்பது அன்னையின் கவலை.

பணத்தைப் பற்றிய கேள்விக்கு விடை எளிது. வீட்டுச் செலவுக்கு உரியதைக் கொடுத்து, சேமிப்புக்கு உரியதை ஒதுக்கியபின் எஞ்சுவதில் வாங்கினால் குறை கூற நமக்கு மனமில்லை. கடன்பட்டு வாங்கினால் அது நூலாயினும் நகையாயினும் கடன் கடன்தான். படிக்காமல் சேர்ப்பதைக் குறித்தும் நாம் அதிகம் கடிந்துகொள்ள மாட்டோம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுவதும் நூல்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1992-இல் அவர் மறைந்தபின், அச்சேமிப்பே 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்து, இன்றும் அறிஞர்களுக்குப் பயன்படுகிறது. அவர் வீட்டாரும் ஒரு காலத்தில் இடமில்லையே என்று முணுமுணுத்திருக்கக்கூடும்!

மனத்தைப் பற்றிய கேள்விதான் நம்மை நிறுத்திச் சிந்திக்கச் செய்கிறது.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். போர் வரலாறு நம் இல்லங்களுக்கு அந்நியமானதன்று. பிரிந்த சகோதரர்களுடைய விவிலியத்தில் பெரும்பாலும் இடம்பெறாத மக்கபேயர் நூல்கள் இரண்டும் நம் விவிலியத்தில் உள்ளன. அவை போர்களின் வரலாறே. முற்றுகை, யானைப்படை, சூழ்ச்சி, துரோகம் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், போர் முடிந்தபின் யூதா மக்கபே தம் வீரர்களின் சடலங்களை எடுத்து அடக்கம் செய்யச் செல்கிறார். மாண்டவர்களின் ஆடைக்குள் வேற்றுத் தெய்வங்களின் தாயத்துகள் இருக்கக் காண்கிறார். அவர்களை இகழ்ந்து விட்டுவிடாமல், ஏறக்குறைய 2,000 வெள்ளிக் காசுகள் திரட்டி, அவர்களுடைய பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்புகிறார். இறந்தோருக்காக நாம் மன்றாடும் வழக்கத்துக்குத் திருச்சபை காட்டும் சான்றுகளுள் இது முதன்மையானது. ஒரு போர் நூலிலிருந்து நமக்குக் கிடைத்த கொடை அது. வெற்றியோடு கதையை முடித்துக்கொள்ளாமல், ஆசிரியர் விழுந்து கிடந்தவர்களைத் திரும்பிப் பார்த்ததால் கிடைத்தது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, குன்றத்தூரைச் சுற்றியுள்ள மண்ணையே பார்ப்போம். சில கல் தொலைவில் உள்ள மணிமங்கலத்தில்தான் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை எதிர்த்துப் பொருதான். புறமுதுகிட்டவனின் முதுகையே செப்பேடாகக் கொண்டு வெற்றி என்னும் சொல்லை எழுதினான் என்று கூரம் செப்பேடு பெருமிதத்தோடு கூறுகிறது. அதே மணிமங்கலத்துக் கோவில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகளும் உள்ளன. 1899-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் அவை அச்சேறியிருக்கின்றன. வெட்டிய தலைகள், கவர்ந்த யானைகள், சிறைப்பிடித்த பெண்கள் என்று அவற்றின் மெய்க்கீர்த்தி நீள்கிறது. விழுந்தவர்களுக்காக ஒரு சொல்லும் இல்லை.

அதன்பின் வாதாபிக்குப் படை நடத்திச் சென்ற பரஞ்சோதியாரை, 'சிவகாமியின் சபதம்' படித்த குடும்பங்கள் அறியும். அவரே சிறுத்தொண்டர் என்னும் சைவ அடியார். அவர் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் குன்றத்தூரில் பிறந்தவர். சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். போரின் சங்கதிகள் அவருக்குத் தெரியாதவை அல்ல. இருந்தும் பெரிய புராணத்தில் வாதாபிப் போரை மிகச் சில அடிகளில் கடந்துவிடுகிறார். படைத்தலைவர் படையை விட்டு விலகித் தொண்டுக்குத் திரும்புவதே அவருக்கு முக்கியமாகப் படுகிறது.

காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. பல்லவர் காலத்திலேயே அங்கு ஒரு போர் நிகழ்ந்ததைக் காசாக்குடிச் செப்பேடு குறிக்கின்றது. அதே ஊரில் 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் பெய்லியின் கீழ் வந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட ஆங்கிலப் படையை ஹைதர் அலியும் திப்புவும் வளைத்து முறியடித்தனர். காஞ்சிபுரத்தில் பெரும் படையுடன் இருந்த மன்றோ உரிய நேரத்தில் உதவிக்கு வந்து சேரவில்லை. பெய்லி சீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-இல் இறந்தார். 1781 ஆகஸ்டு 27 அன்று அயர் கூட் அதே ஊரருகே மீண்டும் ஹைதரோடு பொருதினார். இவையெல்லாம் மார்க் வில்க்ஸ் எழுதிய நூலிலும், வில்சன் எழுதிய 'சென்னைப் படையின் வரலாறு' என்னும் ஐந்து தொகுதிகளிலும் விரிவாகக் கிடைக்கும். படிக்கத் தக்க நூல்களே. ஆனால் மாண்ட ஆங்கில அதிகாரிகளின் பெயர்கள் அவற்றில் இருக்கும். அப்படையில் மிகப் பெரும் பகுதியினராயிருந்த நம் நாட்டுச் சிப்பாய்களோ பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே வருவர். அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தாமே?

போர்க்களத்துக்கு வெளியே நடந்ததைச் சொல்லும் பக்கங்கள் இன்னும் குறைவு. சென்னையைச் சுற்றியிருந்த ஊர்கள் எரிந்தன, விளைநிலங்கள் பாழாயின, மக்கள் கோட்டையை நோக்கி ஓடினர். தொடர்ந்து கொடும் பஞ்சம் வந்தது. 1782-இல் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய இடமே மணியக்காரர் சத்திரம். ஸ்டான்லி மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்ததே. முதியவர்கள் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். புள்ளலூர்ப் போரின் மறுபாதி அந்தப் பெயரில்தான் தங்கியிருக்கிறது. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் 1785-இல் கர்நாடக நாட்டின் அழிவைப் பற்றிப் பேசிய உரையையும் தேடிப் படிக்கலாம். எதிரியை மட்டும் பழிக்காமல், தம் நாட்டாரின் பேராசையையும் அவர் சுட்டினார்.

ஆகவே, அந்த இளைஞர் வாங்குவதை நிறுத்தவேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். வாங்கும் நூலுக்குப் பக்கத்தில் எதை வைக்கிறார் என்பதையே கேட்போம். ராபர்ட் ஆர்ம் 1763-இலும் 1778-இலும் வெளியிட்ட பெரிய போர் வரலாறு அவரிடம் இருக்குமானால், அதனருகே புதுவை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கட்டும். ஆர்ம் தளபதிகளின் கண்கொண்டு பார்த்த அதே காலத்தை, 1736 முதல் 1761 வரை, பிள்ளையவர்கள் சரக்கு விலையோடும் கப்பல் வரவோடும் ஊரார் அச்சத்தோடும் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரின் விமானங்களையும் டாங்கிகளையும் வருணிக்கும் வண்ணப் புத்தகங்கள் இருந்தால், அவற்றினிடையே சயாம்-பர்மா இருப்புப்பாதையைப் பற்றிய நூல் ஒன்று வேண்டும். 1942-43-இல் அமைக்கப்பட்ட ஏறத்தாழ 415 கிலோமீட்டர்ப் பாதை அது. மலேயத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே மடிந்தனர். அவர்களுக்கு அடக்கமும் இல்லை, அடையாளமும் இல்லை.

பக்கத்தில் என்ன நூல் இருக்கிறது என்பது சிறிய காரியமன்று. 1521 மே 20 அன்று பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டால் காலொடிந்த இஞ்ஞாசியார், படுக்கையில் கிடந்தபோது வீரசாகசக் கதைகளையே கேட்டார். லொயோலா வீட்டில் அவை கிடைக்கவில்லை. இருந்தவை கிறிஸ்துநாதரின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் சரிதையுமே. கிடைத்ததைப் படித்தார், பின்னர் நடந்ததை நாம் அறிவோம்.

மடல் எழுதிய அன்னைக்கும் ஒரு வேண்டுகோள். மகன் வாங்கியவற்றுள் ஒன்றை எடுத்து, இரவு உணவுக்குப்பின் அதில் என்ன இருக்கிறதென்று சொல்லும்படி கேளுங்கள். இறந்தவர்கள் எத்தனை பேர், எந்த ஊரார், அவர்கள் வீட்டார் என்ன ஆனார்கள் என்றும் கேளுங்கள். நூலில் விடை இல்லையென்றால், அதைத் தேடும் ஆவல் அவருக்கே உண்டாகும்.

குன்றத்தூரிலிருந்து போரூர் வழியே பரங்கிமலை செல்லும்போது, நந்தம்பாக்கத்தில் போர்வீரர் கல்லறைத் தோட்டம் ஒன்றைக் காணலாம். இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களின் கல்லறைகள் அங்கே 800-க்கும் மேல் உள்ளன. முதல் உலகப் போரில் இறந்து, தென்னாட்டின் வேறு கல்லறைகளில் துயில்வோர் 1,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களையும் அங்கே பொறித்திருக்கிறார்கள். நவம்பர் 2, சகல ஆன்மாக்கள் திருநாளன்று, நம் முன்னோர் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் அங்கும் சற்றுநேரம் நின்று, ஒரு பரலோக மந்திரமும் ஒரு மங்கள வார்த்தை மந்திரமும் சொல்லலாம்.