கேட்பவரும் தீர்ப்பவரும்

ஆட்சேபத்தை ஒருவர் கேட்பதும், அதைக் கேளாத மற்றொருவர் உத்தரவு எழுதுவதும் நியாயமாகாது என்பதை நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 1958-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. ஆந்திரத்தில் பஸ் மார்க்கங்களைச் சர்க்கார் தன்வசப்படுத்த முற்பட்டபோது, பாதிக்கப்பட்ட பஸ் முதலாளிகளின் வாதங்களை இலாகாச் செயலாளர் கேட்டார். உத்தரவையோ முதலமைச்சர் பிறப்பித்தார். குல்லபள்ளி நாகேஸ்வர ராவ் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் அவ்வழக்கில், பொறுப்பை இவ்விதம் பிளப்பது விசாரணை என்னும் தத்துவத்தையே குலைத்துவிடும் என்று நீதிபதிகளில் பெரும்பான்மையோர் கருதி, அந்த உத்தரவை ரத்துச் செய்தார்கள். பஸ் முதலாளிக்குக் கிடைத்த அந்த நியாயம் நம் கடற்கரை மீனவனுக்கு இன்றளவும் கிட்டவில்லையே என்பதுதான் என் மனக்குறை.

கரையோரத்தில் ஒரு துறைமுகம் வருவதானால், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடைபெற வேண்டும். பேச்சுகள் வீடியோவில் பதிவாக வேண்டும். நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். இவ்வளவும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால், நாள் முழுவதும் உட்கார்ந்து கேட்ட ஆட்சியருக்கு முடிவு சொல்லும் அதிகாரம் இல்லை. காகிதக்கட்டு மேலே போகிறது. மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையமும், அதற்கப்பால் நிபுணர் குழுவும், பேசியவர்களின் முகத்தைக் காணாமலே தத்தம் முடிவுக்கு வருகின்றன. பஸ் வழக்கில் நடந்தது நீதி விசாரணையை ஒத்தது, இதுவோ வெறும் கருத்துக்கேட்பு என்று சட்டம் அறிந்தோர் வேற்றுமை காட்டக்கூடும். ஒரு குப்பத்தின் ஜீவனம் முழுவதையும் பற்றிய கேள்விக்கு ஒரு பஸ் மார்க்கத்தைவிடக் குறைந்த விசாரணை போதும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்துக்கான கூட்டங்களில் சங்கடம் இன்னும் முன்னதாகவே, வரைபடத்திலேயே, ஆரம்பமாகிறது. அத்திட்ட வரைபடம் 1:25,000 என்னும் அளவில் தயாராவது. அதாவது, 250 மீட்டர் நிலம் அதில் ஒரு சென்டிமீட்டர். 50 மீட்டர் அகலத்துக்கு வலை காயப்போடும் மணல்வெளி வெறும் 2 மில்லிமீட்டர். கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த இத்தகைய கூட்டத்தில், சுவரில் தொங்கிய படத்தின் முன் முதியவர் ஒருவர் தம் ஊர்த் துறையை விரலால் தடவித் தடவித் தேடிக்கொண்டு நெடுநேரம் நின்றதைப் பார்த்தேன். அவருடைய விரல்நுனி வைத்த இடத்தில் அந்தத் துறை முழுதும் மறைந்துபோயிற்று. மைக்கின் முன் அழைத்தபோது, "ஐயா, எங்க பாடு இதுல எங்க இருக்குன்னு காட்டுங்க, அப்புறம் பேசுறேன்" என்றார். குறித்துக்கொண்டார்கள், காட்டத்தான் ஒருவருமில்லை. மீனவ ஊர்களையும், அவற்றின் பொதுச் சொத்துக்களையும், மீன் உலர்த்தும் களங்களையும் கிராமப் புல எண் தெரியும் வரைபடங்களில் குறிக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் கடற்கரை மண்டல அறிவிக்கையே கட்டளையிட்டிருக்க, இந்த நிலை ஏன் நேர வேண்டும்?

அதே அறிவிக்கை, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் பாரம்பரியக் கரையோரச் சமூகங்களின் பிரதிநிதிகள் மூவரேனும் இடம்பெற வேண்டும் என்கிறது. அம்மூவரையும் கருத்துக்கேட்பு மேடையில் ஆட்சியருக்கு அருகே அமர்த்த வேண்டும். மாநில ஆணையத்தின் உறுப்பினர் ஒருவரேனும் நேரில் வந்து கேட்க வேண்டும். ஒவ்வோர் ஆட்சேபமும் ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா, எக்காரணத்தால் என்பதைத் தமிழில் எழுதி, அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கு அனுப்பிய பிறகே பரிந்துரை மேலே செல்ல வேண்டும். மத்திய அறிவிக்கையில் ஓர் எழுத்தையும் திருத்தாமல் செய்யக்கூடிய காரியங்கள் இவை. அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்குமுன் மாநில அரசு இதற்கான ஆணையைப் பிறப்பிக்க வேண்டுகிறேன்.