மாட்டைப் புதைக்கும் முன் வைத்தியரை அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன், நுவரெலியா பக்கத் தோட்டங்களில் விடியக்காலை பால் கறக்கப் போகிறவர்கள் வெறும் பட்டியைக் கண்டு அலறுவது புதிய செய்தி அல்ல. தேடிப் போனால் தேயிலை மலைக்குள் தலையும் தோலும் குடலும் கிடக்கும். சினைமாடென்றால், பிறக்காத கன்றும் பக்கத்தில் கிடக்கும். நாட்சம்பளம் போதாத லயத்துக் குடும்பத்துக்கு அந்தப் பால்தான் பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் காசு.

பல சம்பவங்கள் பொலிஸ் முறைப்பாட்டோடு நின்றுவிடுகின்றன. நாற்றத்துக்குப் பயந்து மிச்சத்தை அன்றே புதைத்துவிடுகிறார்கள். தடயமும் அதோடு போய்விடுகிறது.

கால்நடை வைத்தியர் அறுத்துப் பார்த்தால் அந்தத் தடயம் பேசும். உயிரோடு இருக்கும்போது விழுந்த வெட்டில் இரத்தம் சதைக்குள் கசிந்திருக்கும். செத்தபின் வெட்டியதில் அப்படி இருக்காது. சிறுத்தை பிடித்திருந்தால் கழுத்துத் தோலை உரித்ததும் பல் இறங்கிய துளைகளும் கன்றிய சதையும் தெரியும். விஷம் வைத்தார்களா என்பதை ஈரலையும் இரைப்பையில் கிடக்கும் தீனியையும் சோதித்து அறியலாம். பிடிபட்ட இறைச்சி எந்த மாட்டினுடையது என்பதை, மலையில் கிடந்த தலையோடு மரபணுவை ஒப்பிட்டுச் சொல்லலாம்.

இதற்கு நாட்டில் ஆளில்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலை ஒட்டி வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தபோது, கால்நடை வைத்தியர்கள் உடல்களை அறுத்துப் பார்த்தார்கள்; மாதிரிகள் சோதனைக்காகப் பேராதனைக்குச் சென்றன; கடுங்குளிரே காரணம் என்று தெரிந்தது. ஹட்டனிலிருந்து பேராதனை ஒரே நாளில் போய்வரும் தூரம்தான். தோட்டத்து மாட்டுக்கு மட்டும் ஏன் அந்தக் கவனம் கிடைப்பதில்லை?

சட்டமும் துணைக்கு வருவதில்லை. 1907ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் எழுதப்பட்ட தண்டப்பணம் 100 ரூபா. அந்தக் காசுக்கு இன்று ஒரு லீற்றர் பால்கூடக் கிடைக்காது. அதை மாற்றுவதற்கான விலங்கு நலச் சட்டமூல வரைவைச் சட்ட ஆணைக்குழு கொடுத்தது 2006இல்.

மாடு கொல்லப்பட்ட முறைப்பாடு கிடைத்ததும், உடலை அகற்றுமுன் அரச கால்நடை வைத்தியரைப் பொலிஸார் அழைப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். அவருடைய அறிக்கை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் கேட்க வேண்டும்.

மாட்டைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். கைத்தொலைபேசியில் படம் எடுங்கள், படங்கால் மூடி வையுங்கள், வைத்தியர் வந்து பார்க்கும்வரை யாரையும் தொட விடாதீர்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர் ஒருவர்,
ஹட்டன்.