வாய்ச் சடுகுடு

விழுப்புரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பரம சாது. ஆனால் கபடிப் பேச்சை எடுத்துவிட்டால் மீசை துடிக்கும். "கபடி என்பதே நம்ம சொல், தம்பி! 'கை பிடி'தான் கபடி ஆயிற்று. நம்ம விளையாட்டில் நம்மை ஜெயிக்க எவன் இருக்கிறான்?" என்பார். மரியாதைக்குத் தலையை ஆட்டி வைப்பது என் வழக்கம். இனி ஆட்டுவதாக இல்லை. ஏன் என்பதைச் சொல்லி விடுகிறேன்.

போன காணும் பொங்கலன்று அவரோடு திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு ஆட்டம் பார்க்கப் போனேன். ஏரிக்கரையை ஒட்டிய பொட்டல். சுண்ணாம்புக் கோடு, நாலு கம்பத்தில் விளக்கு, ஓயாத ஒலிபெருக்கி. பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் பாடிப் போனான். மூலையில் நின்றவனைக் கால் நுனியால் தொட்டுவிட்டுத் திரும்பும்போது ஐந்து பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டை விரலால் தொட்டான். ஊரே எழுந்து குதித்தது. என் நண்பர் மேல்துண்டைச் சுழற்றினார். பையன் எழுந்தபோது இரண்டு முழங்காலிலும் தோல் இல்லை.

"மேட் விரிப்பிலே ஆடியிருக்கியா, தம்பி?" என்று கேட்டேன்.

"டி.வி.யிலே பார்த்திருக்கேன், சார்" என்றான்.

இதுதான் விஷயம். பெரிய போட்டிகள் எல்லாம் இன்று ரப்பர் விரிப்பின் மேல்தான் நடக்கின்றன. மண்ணில் வெறுங்காலோடு வழுக்கித் திரும்புகிற கால் வேறு. விரிப்பில் பூட்ஸோடு அழுந்தித் திரும்புகிற கால் வேறு. பத்து வருஷம் மண்ணில் பழகியவன், பெரிய ஆட்டத்துக்குப் போனால் நடையை முதலிலிருந்து கற்க வேண்டும்.

"தொழில்முறை ஆட்டம் வந்துதான் சடுகுடு கெட்டது" என்று சிலர் மூக்கால் அழுகிறார்கள். நான் அந்தக் கட்சி அல்ல. 2014-ல் புரோ கபடி தொடங்கும் வரை நம் படித்த வீடுகளில் இது தெருப் பொறுக்கிகளின் ஆட்டம், கிரிக்கெட்தான் கனவான்களுடையது. இன்று அதே வீட்டு மாமிகள் 'சூப்பர் டாக்கிள்' என்று கூவுகிறார்கள். முப்பது விநாடிக் கணக்கும், இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆகவேண்டும் என்கிற விதியும் நல்லவையே. நடுக்கோட்டருகே நின்று பாட்டை மட்டும் நீட்டிப் பொழுதைக் கழிக்கிற சோம்பேறித்தனம் அதோடு ஒழிந்தது.

என் சண்டை பெருமையோடுதான். 2017-ல் நம் பெயரிலும் ஓர் அணி வந்தது: தமிழ் தலைவாஸ். தலைவா என்ற சொல்லுக்கு இங்கிலீஷ் வால் ஒட்டிய பெயர். முதல் கேப்டன் ஹிமாசலப் பிரதேசத்து அஜய் தாக்கூர். அவர்மேல் குறையில்லை, அபாரமான ஆட்டக்காரர். 2022-ல் ஒரு முறை அரையிறுதி வரை போனோம். கோப்பைதான் வரவில்லை. பெயரில் தமிழ் இருந்தால் பிடியிலும் இருந்துவிடுமா?

உலக அரங்கிலும் இதே கதை. ஆசிய விளையாட்டில் 1990 முதல் 2014 வரை ஏழு தடவையும் ஆண்கள் தங்கம் நமக்கே. 2018-ல் ஜகார்த்தாவில் ஈரான் நம்மை அரையிறுதியில் 27-18 என்று மடக்கிப் போட்டது. பெண்கள் இறுதி ஆட்டத்திலும் ஈரானுக்கே தங்கம். அந்தப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் யார் தெரியுமா? நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்ற இந்தியப் பெண்மணி! அதே 2018-ல் நம் லீக் ஏலத்தில் முதன்முதல் ஒரு கோடி ரூபாய் பெற்றவரும் ஈரானியர்தான், ஃபஸல் அத்ராச்சலி. 2023-ல் ஹாங்சோவில் தங்கத்தை மீட்டோம், 33-29 என்று. அதுவும் கடைசி நிமிஷங்களில் ஒரு புள்ளிக்காக இரு தரப்பும் வாதாடி, ஆட்டமே நின்றுபோன பிறகு.

ஈரானியர் யாரும் 'கபடி' பாரசீகச் சொல் என்று கட்டுரை எழுதவில்லை. பயிற்சி செய்தார்கள். நாமோ சொல்லின் வேரைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஒன்றியத்துக்கு ஒரு விரிப்பு, அதற்கு ஒரு கூரை, சம்பளம் வாங்கும் ஒரு பயிற்சியாளர்: இவை வரட்டும். பிறகு எத்தனை பெருமை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் திரும்பும் பஸ்ஸிலேயே நண்பரிடம் கொட்டிவிட்டேன். மனிதர் விழுப்புரம் வரும் வரை வாயே திறக்கவில்லை. இறங்கும்போது மெல்லக் கேட்டார்:

"அந்த விரிப்பு என்ன விலை ஆகும், தம்பி?"

கபடியைப் பற்றி அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.