பூட்டிய இயக்கியும் பொது இலக்கணமும்

பழுதுறாத கருவி பழுதென்று எறியப்படுமாயின், ஆங்குப் பழுதுபட்டது அதனை ஆள்வோர்தம் அறிவே ஆகும். வெப்கேம் என மக்கள் வழங்கும் வலைப்படக்கருவிக்கு இன்று நேர்ந்துள்ள நிலை இதுவே. நேற்றுவரை முகங்காட்டிய கருவி, கணிப்பொறியின் இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் இருளையே காட்டுகின்றது. வில்லை உடையவில்லை, கம்பி அறவில்லை. ஆயினும் கடைக்காரர், "இது பழையது, புதியது வாங்குங்கள்" என்கின்றார். வாங்குவோரும் ஏனென்று கேளாமலே வாங்குகின்றனர்.

ஏனென்று கேட்டல் வேண்டும். படக்கருவிக்கும் இயங்குதளத்திற்கும் இடைநின்று, ஒன்றன் மொழியை மற்றொன்றற்குப் பெயர்த்துரைப்பது டிரைவர் எனப்படும் இயக்கி. யு.எஸ்.பி. இணைப்புமுறை 1996-இல் வந்தது. செருகும் வழி பொதுவாயிற்று. பேசும் மொழி பொதுவாகவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் படக்கருவிக்குத் தனிமொழி அமைத்து, அதன் இலக்கணத்தைக் கமுக்கமாக வைத்துக்கொண்டது. இயங்குதளம் மாறுங்கால் புதிய இயக்கி எழுதித் தருவதும் தராததும் அந்நிறுவனத்தின் விருப்பம். விற்றுத் தீர்ந்த கருவியால் இனி வருவாய் இல்லை. ஆதலின் பெரும்பாலும் எழுதுவதில்லை. 32 பிட் அமைப்பிற்கென எழுதிய இயக்கி 64 பிட் விண்டோசில் இயங்காது. 2021-இல் வெளிவந்த விண்டோசு 11-ஓ 64 பிட் அமைப்பாக மட்டுமே வருகின்றது. பழைய இயக்கியையே நம்பிய கருவி வாய்மூடிப் போவதன் கரணியம் இதுதான்.

இவ்வல்லலுக்கு மாற்றாக 2003-இல் யு.வி.சி. எனும் பொது இலக்கணம் வகுக்கப்பட்டது. அதற்கு இணங்கிய படக்கருவிக்குத் தனி இயக்கி வேண்டுவதில்லை. 2004-இல் வந்த விண்டோசு எக்சுபியின் இரண்டாம் திருத்தத் தொகுப்பு முதல் விண்டோசும், 2008 முதல் இலினக்சும் அதற்கான பொது இயக்கியைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன.

எனினும் இலக்கணம் பொதுவாகியும் ஆட்சி ஒருவர் கையிலிருப்பின் அல்லல் தீர்வதில்லை. 2016 ஆகத்துத் திங்களில் விண்டோசு 10-க்கு வந்த புதுப்பிப்பு இதற்குச் சான்று. ஒரே படக்கருவியைப் பல செயலிகள் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்யப்போய், கருவி சுருக்கி அனுப்பும் எம்செபெக்கு, எச்.264 எனும் வடிவங்களைச் செயலிகள் நேரே பெறுதலைத் தடுத்துவிட்டனர். பொது இலக்கணத்திற்கு இணங்கிய நல்ல கருவிகளும் உறைந்து நின்றன. பயன்படுத்துவோர் குரலெழுப்பிய பின்னரே திருத்தம் வந்தது.

இதற்கு எதிர்முகமாக நிற்கின்றது மற்றொரு செய்தி. பிரான்சு நாட்டு மருத்துவர் ஒருவர், நிறுவனங்கள் கைவிட்ட இருநூற்றுக்கும் மேற்பட்ட படக்கருவி வகைகளுக்குத் தம் ஓய்வு நேரத்தில் இலினக்சு இயக்கிகளை எழுதி, யாவரும் படிக்கவும் திருத்தவுமாக வெளியிட்டார். அப்பணியின் வழிவந்த இயக்கிகள் 2008-இல் இலினக்சின் கருவிலேயே சேர்க்கப்பட்டன. கூலி கருதாத ஒருவர் செய்ததைச் செல்வம் கொழித்த நிறுவனங்கள் செய்யவில்லை என்பதை எண்ணிப் பார்க்க.

கருவியை எறியுமுன் செய்யத்தக்கன சில உள. இடைப்பெட்டி ஏதுமின்றிக் கணிப்பொறியின் செருகுவழியிலேயே நேராகச் செருகுக. ஒன்றில் இயங்காதாயின் மற்றொன்றில் செருகுக. படக்கருவியைப் பற்றியிருக்கும் பிற செயலிகளை மூடுக. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியைத் திறந்து, படக்கருவிக்கு இசைவு உள்ளதா எனக் காண்க. 2018 முதல் மேசைத்தளச் செயலிகளும் அவ்விசைவிற்கு உட்பட்டன. பின்னர் டிவைசு மேனேசர் என வழங்கும் பகுதியில், நிறுவனம் தந்த இயக்கியை நீக்கி, விண்டோசின் பொதுக் காணொளி இயக்கியைத் தெரிந்தெடுக்க. பொது இலக்கணக் கருவிகள் பல இவ்வளவிலேயே கண்விழிக்கும். விழியாவிடின், பென்டிரைவு எனப்படும் விரலியில் இலினக்சை ஏற்றி, கணிப்பொறியில் நிறுவாமலே இயக்கி ஆய்ந்து பார்க்க. முகவரி அறியாத தளங்களில் இயக்கி தேடுதல் மட்டும் கூடாது. அது திருடனிடம் திறவுகோல் தருதலை ஒக்கும். புதியது வாங்குவோர், யு.வி.சி. இணக்கம் உண்டா எனக் கேட்டு வாங்குக.

தமிழன்பர்கள் இதனை வெறும் பொறிச்செய்தி எனத் தள்ளிவிடலாகாது. இலக்கணத்தை மறைத்து வைத்தவன் ஆண்டையாகின்றான். அதனை அறியாதவன் அடிமையாகின்றான். மொழிக்கு உள்ள இந்நெறியே கருவிக்கும் உள்ளது. இயக்கி, இயங்குதளம், செருகுவழி, இசைவு என நல்ல தமிழ்ச் சொற்களால் இவ்வறிவைப் பள்ளிதோறும் கற்பிப்போமாயின், பழுதென்று ஒதுக்கிய கருவியை மாணவனே எழுப்புவான். விளங்காத அயற்சொல்லால் அஞ்சி நிற்பவன் கடைக்காரர் சொல்லையே நம்புவான். கருவி வாங்கினால் மட்டும் போதாது. அதன் இலக்கணத்தையும் தமிழில் கைக்கொள்ளுதல் வேண்டும். அன்றே கருவி நமக்கு உரியதாகும்!