கட்டுமரம்னு பேரு வச்சா போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படகைக் கடலுக்குக் காவு கொடுத்துட்டு வந்தோம். நிஜப் படகு இல்லீங்க, பையனோட ரிமோட் படகு. பதினோரு வயசுப் பிள்ளை கரையில உக்காந்து அழுதான். தங்கமணி என்னைப் பார்த்த பார்வையில போர்ட் ஃபிலிப் விரிகுடாவே உறைஞ்சிருக்கணும் :-)

மெல்பர்ன்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், இந்த விரிகுடா ஆழம் குறைச்சல். தெற்கத்திக் காத்து கொஞ்சம் கூடினாலே குட்டை குட்டையா, நெருக்கமா, செங்குத்தா அலை கிளம்பும். அதுல விடுறதுக்காகவே "முரட்டுத் தண்ணிக்கு ஏத்த கேட்டமரான்" என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். அறுபது சென்டிமீட்டர் நீளம், ரெண்டு கூரான உடல், நடுவுல சுரங்கம் மாதிரி இடைவெளி, மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகம். முதல் ஓட்டத்துல குட்டிக்கரணம். ரெண்டாவதுலயும் குட்டிக்கரணம். மூணாவது தடவை மூக்கை அலைக்குள்ள குத்திக்கிட்டுப் போனதுதான், அப்புறம் ஆளையே காணோம்.

இந்தப் பதிவு அந்தப் படகுக்கு ஒப்பாரி வைக்க இல்லை. நம்ம ஆட்கள் வருஷா வருஷம் பொங்கல் விழா மேடையில சொல்ற ஒரு பெருமையோட சண்டை போடத்தான். "கேட்டமரான் என்பது தமிழ்ச் சொல்! உலகத்துக்கே படகு கொடுத்தவன் தமிழன்!" கைதட்டல். நானும் தட்டியிருக்கேன்.

சொல் நம்மளோடதுதான், அதுல சந்தேகமே இல்லை. 1697-ல் அச்சான வில்லியம் டாம்பியரோட பயண நூலிலேயே, சோழமண்டலக் கரையில் பார்த்ததைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் வந்துடுது. ஆனா பொருள்? நம்ம கட்டுமரத்துக்கு ரெண்டு உடல் கிடையாது. மூணு நாலு மென்மரத் தடிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கயித்தால இறுக்கிக் கட்டினது. இடைவெளி விட்டு ரெண்டு உடலை இணைக்கிற வித்தை பசிபிக் தீவுக்காரங்களோடது. அவங்க அதுல ஏறி ஆயிரக்கணக்கான மைல் போயிருக்காங்க. வெள்ளைக்காரன் ரெண்டையும் பார்த்தான், பேரை நம்மகிட்ட எடுத்து அவங்க படகுக்கு ஒட்டிட்டான். 1876-ல் அமெரிக்காவுல நதானியல் ஹெர்ரஷாஃப் 'அமரில்லிஸ்' என்று ஒரு ரெட்டை உடல் பாய்ப்படகு கட்டி, நியூயார்க் பந்தயத்துல எல்லாரையும் தோற்கடிச்சார். தோத்தவங்க கூச்சல் போட்டு அதைத் தகுதிநீக்கம் செய்ய வச்சாங்க. அதுக்கு அப்புறம்தான் கேட்டமரான்னாலே ரெட்டை உடல் என்று ஆகிப்போச்சு.

ஆக நாம கைதட்டுறது பேருக்கு. நிஜமான பொருளை நம்மில் எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருக்கோம்?

நான் தொட்டிருக்கேன். அம்மா வீடு விழிஞ்ஞம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தைத் தாண்டினதும் வர்ற ஊர். ஒரு காலத்துல ஆய் மன்னர்களோட துறைமுகம். எங்க தாத்தா அங்கேதான் மரத்துல தொழிலுக்குப் போனார். (எங்க பக்கம் கட்டுமரம்னு முழுசாச் சொல்ல மாட்டாங்க, 'மரம்'தான்.) தென்மேற்குப் பருவக்காத்துல அந்தக் கரையில வர்ற அலையைப் பார்த்தவங்களுக்குத்தான் "முரட்டுத் தண்ணி" என்ற சொல்லுக்கு அர்த்தம் புரியும். அலையிலிருந்து மின்சாரம் எடுக்கலாமான்னு இடம் தேடின சென்னை ஐஐடி ஆட்கள் நாட்டிலேயே முதல் அலைமின் நிலையத்தை 1991-ல் கட்டினது விழிஞ்ஞத்துலதான். 150 கிலோவாட். அது இப்ப ஓடலை, அலை மட்டும் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு.

படகு போன அன்னைக்கு ராத்திரி மாமாவை வாட்ஸப்புல கூப்பிட்டு, பையன் எடுத்த வீடியோவை அனுப்பினேன். சின்ன வயசுல மரத்துல போய், பிறகு ஃபைபர் வள்ளத்துக்கு மாறினவர். ரெண்டு தடவை பார்த்தார்.

"எலே மக்கா, இது வள்ளமா பறவையா?"

"கேட்டமரான் மாமா. நம்ம கட்டுமரம்தான்..."

"மண்ணாங்கட்டி. தண்ணிய உள்ள விடமாட்டேன்னு நிக்கான், காத்த மட்டும் அடியில விடுதான். பொறவு தூக்காம என்ன செய்யும்? நம்ம மரத்துல தண்ணி வந்த வழியா போவும். அதுக்குக் கடல்கிட்ட பெருமை கெடையாது பாத்துக்கோ."

நான் பொறியியல் படிச்சவன். மாமா அஞ்சாம் வகுப்பு. ஆனா அந்த ரெண்டு வரியில பாடமே அடங்கிடுச்சு. சுரங்க உடல் படகு வேகமெடுத்தா நடு இடைவெளியில காத்து அழுந்தி, படகையே தூக்கிப் பிடிக்கும். அதனாலதான் தண்ணி உராய்வு குறைஞ்சு பறக்குது. ஏரி கண்ணாடி மாதிரி இருந்தா அதை அடிச்சுக்க ஆளில்லை, வளைவுலயும் சாயாது. ஆனா அலை மேல ஏறி மூக்கு கொஞ்சம் நிமிர்ந்துட்டா, அதே காத்து முன்பக்கத்தை இன்னும் தூக்கும். எடை பின்னால, தூக்கு விசை முன்னால. அப்புறம் குட்டிக்கரணம்தான். கரணம் போடாம தப்பிச்சாலும் ஒல்லியான ரெண்டு மூக்கும் அடுத்த அலைக்குள்ள ஊசி மாதிரி இறங்கிடும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அறுபது சென்டிமீட்டர் படகுக்குப் பதினஞ்சு சென்டிமீட்டர் அலை என்பது, ஒன்பது மீட்டர் வள்ளத்துக்கு ரெண்டேகால் மீட்டர் அலை. வேகம் நீளத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்தபடி மாறும். ஐம்பது கிலோமீட்டர் என்பது அந்த வள்ளத்துல கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர்! ரெண்டேகால் மீட்டர் அலையில 190-ல் எவனாவது வள்ளம் ஓட்டுவானா? நாம பிள்ளை கையில கொடுத்தது அதைத்தான்.

அதனால, இதே தப்பைச் செய்யப் போற அப்பாக்களுக்குச் சொல்லிடுறேன்:

1. அலையில விடணும்னா ஒற்றை உடல், ஆழமான வீ வடிவ அடிப்பாகம் வாங்குங்க. அலையை வெட்டிக்கிட்டுப் போகும். வேகம் குறைவு, வளைவுல சாயும், ஆனா வீட்டுக்கு வந்து சேரும்.

2. காசு இருந்தா வேகத்துல போடாதீங்க, நீளத்துல போடுங்க. தொண்ணூறு சென்டிமீட்டர் படகு சாதாரணமாத் தாண்டுற அலையில அறுபது திணறும்.

3. கேட்டமரான்தான் வேணும்னு பிள்ளை அடம்பிடிச்சா: உடல் ரெண்டும் பருமனா, மூக்குப் பக்கம் மிதப்பு அதிகமா, நடுக்கூரை தண்ணியிலிருந்து நல்ல உயரத்துல இருக்கணும். பேட்டரியைக் கொஞ்சம் முன்னால நகர்த்துங்க. அலை இருந்தா விசையைப் பாதிக்கு மேல திருகாதீங்க.

4. வாங்கின அன்னைக்கே குளியல் தொட்டியில கவுத்துப் போடுங்க. தானா நிமிருதா? இல்லைன்னா மிதக்கவாவது செய்யுதா? உள்ளே நுரை அடைச்சிருக்கா? ரேடியோப் பெட்டிக்குள்ள ஈரம் போகுதா? நான் இதைச் செய்யலை. "கவுந்தா என்ன ஆகும்"னுதான் மாமா முதல்ல கேட்டார். கட்டுமரம் கவுந்தா திருப்பிப் போட்டு ஏறி உக்காரலாம். முழுக வைக்க முடியாது.

கேட்டமரானே மோசம்னு நான் சொல்லலை. பக்கத்துல டாஸ்மேனியாவுல, ஹோபார்ட்ல இன்கேட் நிறுவனம் அலையைத் துளைச்சுப் போற ராட்சசக் கேட்டமரான் கட்டுது. அதுல ஒண்ணு 1990-ல் அட்லாண்டிக்கைக் கடந்து வேகச் சாதனைக்கான ஹேல்ஸ் கோப்பையையே வாங்குச்சு. ஆனா அவங்களும் ரெண்டு உடலோட நிறுத்தலை. மூக்கு அலையில புதையக்கூடாதுன்னு நடுவுல, தண்ணிக்கு மேல, மூணாவதா ஒரு மூக்கு வச்சாங்க. கடல் சொன்னதைக் கேட்டு மாத்திக்கிட்டாங்க.

எங்க கரையிலயும் அப்படி நடந்திருக்கு. மரத்தடி விலை ஏறி, தடி கிடைக்காமலும் போன காலம். 1980-களில் குமரி மாவட்டம் முட்டத்துல, பெல்ஜியத்துல இருந்து வந்த பியர் ஜில்லே என்பவர் ஒட்டுப்பலகையில படகு கட்ட முயற்சி எடுத்தார். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமா வச்ச மீனவர் சங்கங்களோட கூட்டமைப்பான சிஃப்ஸும் அந்த வழியில படகு கட்டுச்சு. அலையடிக்கிற மணல் கரையில இறக்கி ஏத்தணும், முழுகக் கூடாது, இயந்திரமும் மாட்டணும். லேசுல முடியலை. "சிறியதே கடினம்" என்ற பொருள் வர்ற தலைப்புல 1985-ல் ஜில்லே ஒரு புத்தகமே எழுதினார். முரட்டுத் தண்ணிக்கு எந்த உடல்னு கேட்கிற உங்க கேள்விக்கும் என் கேள்விக்கும், உயிரைப் பணயம் வச்சுப் பதில் தேடினவங்க இவங்கதான்.

அவங்களை நாம மேடையில எங்கேயாவது பேசியிருக்கோமா?

2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல். விழிஞ்ஞம், பூந்துறை, தூத்தூர் என்று வரிசையாக் கடற்கரை ஊர்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தது. கடலுக்குப் போயாச்சு, எச்சரிக்கை பிறகுதான் வந்தது. அந்தப் புயலுக்கு எந்த உடலும் போதாது, சேதி மட்டுமே காப்பாத்தியிருக்கும். மறுவருஷம், 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல அதே ஊர் ஆட்கள் வள்ளத்தை லாரியில ஏத்திக்கிட்டு செங்கன்னூர் வரைக்கும் போய், கூரை மேல நின்னவங்களை இறக்கினாங்க. 2022-ல் துறைமுகக் கட்டுமானத்தால கரை அரிக்குதுன்னு மாசக்கணக்காப் போராடினாங்க. 2024 ஜூலையில முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது, 2025 மே 2-ல் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணிச்சாச்சு. அதே மாசம் விழிஞ்ஞத்துல இருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்எஸ்சி எல்சா 3 கப்பல் முழுகி, பிளாஸ்டிக் குருணை கரையெல்லாம் ஒதுங்குச்சு. துறைமுகம் வேணுமா வேண்டாமான்னு இங்கே உக்காந்து தீர்ப்புச் சொல்ல நான் யார். ஆனா "தமிழன் கொடுத்த படகு"ன்னு மார்தட்டுற நம்ம கூட்டங்கள்ல, இதுல ஒண்ணையாவது ஒருத்தராவது பேசிக் கேட்டதில்லை.

பேசாதவங்கள்ல முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதினேன்.

சில வருஷம் முன்னால ஒரு பொங்கல் விழா. மேடையில கட்டுமரப் பெருமை பேசி இறங்கின அண்ணன், சாப்பாட்டுப் பந்தியில யாரோட கல்யாணப் பேச்சையோ எடுத்து, "பையன் நல்ல வேலைதான், ஆனா கடற்கரை ஆளுங்களாம்" என்று மூக்கைச் சுளிச்சார். நாலு பேர் சிரிச்சாங்க. "உங்க வீட்டுல என்ன தொழில் தம்பி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மீன் ஏற்றுமதி" என்றேன்.

ஏற்றுமதியாம்! தாத்தா விடியக்காலையில மரத்தை அலைக்குள்ள தள்ளி ஏறினவர். திரும்பி வந்து தடியைப் பிரிச்சு வெயில்ல காயப்போடுவார். பாட்டி தலையில கூடையோட தெருத்தெருவா வித்தாங்க. அந்தக் காசுலதான் அம்மா படிச்சாங்க, நான் விமானம் ஏறினேன். பெட்டியில போட்டிருந்த பொய்யை நம்பிப் படகு வாங்கினேன்னு கடைக்காரனைத் திட்டினேனே, எனக்கு நானே ஒட்டிக்கிட்ட சீட்டு மட்டும் என்ன யோக்கியம்?

அன்னைக்குப் பேச்சு முடிஞ்சதும் பையன் கேட்டான்: "அப்பா, மாமாத் தாத்தா சொன்ன 'மரம்' என்ன? உங்க தாத்தா அதுல போவாரா? விழவே மாட்டாரா?"

"விழுவார். திரும்ப ஏறிக்குவார்."

"இதை ஸ்கூல்ல சொல்லலாமா?"

சொல்லுடா ராசா. முதல்ல அப்பா சொல்றேன், பிறகு நீ சொல்லு.

பி.கு.: அடுத்த படகு தொண்ணூறு சென்டிமீட்டர், ஆழமான வீ, தானே நிமிரும். குளியல் தொட்டியில மூணு தடவை கவுத்தாச்சு. பையன் அதுக்குப் பக்கவாட்டுல மார்க்கர் பேனாவால 'விழிஞ்ஞம்'னு தமிழ்ல எழுதியிருக்கான். 'ஞ்' மேல புள்ளி வைக்க மறந்துட்டான். நான் திருத்தலை :-)