கரப்பான் பூச்சி செத்தாலும் அலர்ஜி போகாது... ஏன்? வீட்டில் செய்ய வேண்டியது என்ன?

ராத்திரியானால் இருமல். காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல். "ஐஸ்க்ரீம் சாப்பிட்டான், அதான்", "பனி ஒத்துக்கல" என்று காரணம் சொல்லியே பல வீடுகளில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஆனால் மழை, வெயில் என்று பார்க்காமல் வருஷம் முழுக்க இந்தத் தொல்லை இருந்தால், வீட்டுக்குள்ளேயே காரணம் இருக்கலாம். அதில் முக்கியமான ஒன்று கரப்பான் பூச்சி.

கடிக்காத பூச்சியால் எப்படி அலர்ஜி?

கரப்பான் பூச்சியின் எச்சில், கழிவு, உரிந்த தோல், செத்த உடல் ஆகியவற்றில் உள்ள சில புரதங்கள்தான் பிரச்சினை. இவை காய்ந்து பொடியாகி வீட்டுத் தூசியோடு கலந்துவிடும். பெருக்கும்போதும், தலையணையைத் தட்டும்போதும் காற்றில் கிளம்பி மூச்சில் போகும். அலர்ஜி உள்ளவரின் உடல் அதை எதிரியாக நினைத்து எதிர்வினை காட்டும். விளைவு: மூக்கு ஒழுகல், கண் அரிப்பு, தோல் தடிப்பு. ஆஸ்துமா இருந்தால் வீசிங்.

ஒரு விஷயம். குழந்தைகளுக்கு 'கரப்பான்' வந்திருக்கு என்று பெரியவர்கள் சொல்வது ஒரு தோல் நோயை. அது வேறு, இது வேறு.

எவ்வளவு சீரியஸ்?

அமெரிக்காவில் 8 நகர்ப்புறப் பகுதிகளில் ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1997-ல் வெளியானது. அவர்களில் 36.8 சதவீதம் பேருக்கு கரப்பான் அலர்ஜி இருந்தது. அலர்ஜியும் இருந்து, படுக்கையறைத் தூசியிலும் கரப்பான் புரதம் அதிகம் இருந்த குழந்தைகள், மற்றவர்களைவிட 3 மடங்குக்கும் அதிகமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அலர்ஜியைப் போலவே, தூசியின் அளவும் முக்கியம் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அந்த அளவைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

ஸ்பிரே அடிச்சா போதுமா?

போதாது. ஸ்பிரேயின் நெடியே ஆஸ்துமா உள்ளவருக்கு இருமலைக் கிளப்பலாம். அடிபட்ட பூச்சி அலமாரிக்குப் பின்னால் போய்ச் செத்து, அங்கேயே பொடியாகும். பூச்சி ஒழிந்த பிறகும் அந்தப் புரதம் தூசியில் மாதக்கணக்கில் தங்கும். "மருந்து அடிச்சாச்சே, இன்னும் ஏன் இருமல்?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

ஜெல் வடிவில் வரும் விஷ இரை இதைவிடப் பலன் தரும். தின்ற பூச்சி உடனே சாகாமல் மறைவிடத்துக்குத் திரும்பும். அதன் கழிவையும் உடலையும் தின்னும் மற்ற பூச்சிகளும் சாகும். இரை வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்கக் கூடாது. அடித்தால் பூச்சி இரையை நெருங்காது.

என்ன செய்யலாம்?

● சிங்க் அடி, ஃப்ரிட்ஜ் பின்புறம், கேஸ் சிலிண்டர் இடுக்கு ஆகிய இடங்களில் ஜெல்லைச் சிறு சிறு பொட்டுகளாக வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.
● இரவில் எச்சில் பாத்திரத்தைப் போட்டு வைக்காதீர்கள். குப்பைக் கூடைக்கு மூடி வேண்டும். சொட்டும் குழாயைச் சரிசெய்யுங்கள்.
● சாக்கடைத் துளைக்கு வலை மூடி போடுங்கள். குழாய் நுழையும் சுவர் ஓட்டைகளைப் பூசி அடையுங்கள்.
● பழைய அட்டைப்பெட்டி, செய்தித்தாள் கட்டுகளை அப்புறப்படுத்துங்கள். அவை நல்ல மறைவிடம்.
● பூச்சி குறைந்ததும் அலமாரி, கட்டில் அடி எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும். அந்த நேரத்தில் அலர்ஜி உள்ளவர் வெளியே இருப்பது நல்லது.
● அந்துருண்டையை நம்ப வேண்டாம். குழந்தை வாயில் போட்டால் ஆபத்து.

அடுக்குமாடி வீடு என்றால் ஒரு வீட்டில் மட்டும் செய்தால் பலன் நீடிக்காது. குழாய், சாக்கடை வழியாகப் பக்கத்து வீட்டிலிருந்து பூச்சி திரும்ப வரும். வீட்டு ஓனர், அக்கம்பக்கத்தினர் எல்லோரும் சேர்ந்து ஒரே சமயத்தில் செய்வதுதான் வழி.

டாக்டரிடம் எப்போது?

தும்மலுக்குக் காரணம் கரப்பான்தான் என்று நாமே முடிவு செய்ய முடியாது. மெத்தையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிச் செள்ளும் இதே தொல்லையைத் தரும். தோலிலோ ரத்தத்திலோ அலர்ஜி டெஸ்ட் எடுத்தால் தெளிவாகும். இறால், நண்டு சாப்பிட்டால் அரிப்பு வருமா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவற்றிலும் கரப்பானிலும் ஒரே மாதிரியான புரதம் ஒன்று உண்டு.

வீடு சுத்தமானதும் "இனி தேவையில்ல" என்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சு விடும்போது விலா உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்க வேண்டாம். உடனே 108-க்கு அழையுங்கள்.